பேலன்ஸ் செய்தால் எஞ்சின் 7500 சுற்று தாங்குமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி காரின் 1798 சி.சி. எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். சுற்றுமானியில் சிவப்பு நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு அருகில் தொடங்குகிறது. கிராங்க் ஷாஃப்டிலிருந்து (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கிளட்ச் வரை எல்லாவற்றையும் துல்லியமாக பேலன்ஸ் செய்துவிட்டால், அதாவது எடை ஒரு பக்கம் சாயாமல் சமன் செய்துவிட்டால், 7500 வரை பயமில்லாமல் மிதிக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவைச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் 7500-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். பேலன்ஸ் செய்வதால் எஞ்சினுக்கு வலு கூடுவதில்லை, நடுக்கம்தான் குறைகிறது. இரண்டும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டு எஞ்சினைத் தொலைத்தவர்களைப் பலமுறை பார்த்துவிட்டேன் என்பதால், கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை ஓடும் தூரம், 88.9 மி.மீ. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று, திரும்பிக் கீழே வருகிறது. அப்படி நின்று திரும்பும் அந்தக் கணத்தில்தான் முடுக்கம் மிக அதிகம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளத்தை 165 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 6000 சுற்றில் அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல சுமார் 2270 மடங்கு. பிஸ்டன், அதை ராடோடு பிணைக்கும் பின், வளையங்கள், ராடின் மேல்பாதி எல்லாம் சேர்ந்து 700 கிராம் என்று கொள்ளுங்கள். கையில் எடுத்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கனம்கூட இருக்காது. அதுவே அந்தக் கணத்தில் ராடை ஏறக்குறைய 1600 கிலோ எடையின் விசையோடு மேல்நோக்கி இழுக்கிறது.

இப்போது 7500-க்கு வாருங்கள். சுற்று கால் பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் விசை சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 1600 கிலோ இப்போது சுமார் 2500 கிலோ ஆகிவிட்டது. அதாவது அரைப் பங்குக்கும் மேலே கூடுதல் பாரம், விநாடிக்கு 125 தடவை.

பேலன்ஸ் இயந்திரம் என்ன மிச்சம் செய்கிறது என்று அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராங்க் மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி 10 கிராம் ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கொஞ்சம் மோசமான பிழைதான். 7500 சுற்றில் அது உண்டாக்கும் மையவிலக்கு விசை சுமார் 25 கிலோ. ராட் மேல் விழும் இழுப்போ 2500 கிலோ. நூற்றில் ஒரு பங்கைச் சரிசெய்துவிட்டு மீதி தொண்ணூற்றொன்பதைத் தாங்கும் என்று நம்புவது எந்தக் கணக்கிலும் சேராது. அந்த 25 கிலோவும் சும்மா விடக்கூடியதல்ல. கிராங்கோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பேரிங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும், ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் வந்து சேரும். ஆகவே பேலன்ஸ் வேண்டும். எதற்காக வேண்டும் என்பதில்தான் தெளிவு வேண்டும்.

இந்த 88.9 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. பிரிட்டனில் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் காருக்கான வரியை ‘ஆர்ஏசி குதிரைத்திறன்’ என்ற சூத்திரத்தைக் கொண்டு போட்டார்கள். அந்தச் சூத்திரத்தில் சிலிண்டரின் விட்டமும் எண்ணிக்கையும் மட்டுமே உண்டு, ஸ்ட்ரோக் கணக்கிலேயே வராது. விட்டத்தைச் சுருக்கி ஸ்ட்ரோக்கை நீட்டினால் வரி குறையும், எஞ்சினின் கொள்ளளவும் குறையாது. பொறியாளர்கள் வேறென்ன செய்வார்கள்? போருக்குப் பின் அந்த வரிமுறை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. உங்கள் எஞ்சினின் மூதாதை 1947-இல் ஆஸ்டின் ஏ40 காரில் 1200 சி.சி.யாக வந்தது, விட்டம் 65.5 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. பிறகு 1489, 1588, 1622, 1798 என்று வளர்ந்தபோதெல்லாம் விட்டத்தை மட்டுமே 80.26 வரை பெருக்கிக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரோக் அசையவே இல்லை. ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்கே எஞ்சினும் இதே குலம்தான்: 3.4 லிட்டர், 83 மி.மீ. விட்டம், 106 மி.மீ. ஸ்ட்ரோக். 5500 சுற்றில் அதன் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 19.4 மீட்டர் ஓடிவிடுகிறது.

பிஸ்டனின் இந்தச் சராசரி வேகம் எளிய அளவுகோல். ஸ்ட்ரோக்கை (மீட்டரில்) இரண்டால் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் போதும். அந்தக் காலத்து உலோகத்துக்கும் போல்டுக்கும் 20-ஐத் தாண்டினால் பந்தய எஞ்சின்களுக்குரிய உதிரிபாகம், பந்தய எஞ்சின்களுக்குரிய ஆயுள் என்று நான் வைத்திருக்கிறேன். உங்கள் எம்ஜிபி 6000-இல் 17.8 காட்டும். 7500-இல் 22.2. ஃபெராரி 250 வரிசையின் 2953 சி.சி. வி12 எஞ்சினில் விட்டம் 73, ஸ்ட்ரோக் 58.8 மட்டுமே; அது 7500-இல் வெறும் 14.7. பொறியாளர் கொலம்போ வடிவமைத்த அந்த எஞ்சின் உயரத்தில் பாடுவதற்குக் காரணம் மந்திரமல்ல, பன்னிரண்டு சிறிய பிஸ்டன்களும் குட்டையான ஸ்ட்ரோக்கும்தான். பணக்காரர்களின் கார் என்பதால்தான் என்று நினைக்க வேண்டாம். 1959-இல் வந்த ஃபோர்டு ஆங்லியா 105இ சாதாரணக் குடும்பக் கார். 997 சி.சி., விட்டம் ஏறக்குறைய 81, ஸ்ட்ரோக் 48.4. 7000 சுற்றில்கூட 11.3 தான். ஃபார்முலா ஜூனியர் பந்தயத்துக்குப் பந்தய எஞ்சின் நிறுவனமான காஸ்வொர்த் அந்த எளிய எஞ்சினைத் தேடிப் பிடித்ததில் வியப்பென்ன?

நீளமான ஸ்ட்ரோக் என்றாலே உயரச் சுற்றாது என்று முடிவு கட்டவும் கூடாது. ஹோண்டா எஸ்600: 606 சி.சி., விட்டம் 54.5, ஸ்ட்ரோக் 65. விட்டத்தைவிட ஸ்ட்ரோக் நீளம். ஆனாலும் 57 குதிரைத்திறனை 8500 சுற்றில் தந்தது. பிஸ்டன் வேகம் 18.4. உங்கள் 6000 சுற்றுக்குச் சற்றே மேலே, அவ்வளவுதான். விகிதத்தைவிட அளவே முக்கியம். சிறிய பிஸ்டன், குறைந்த எடை, ரோலர் பேரிங்கில் சுழலும் கிராங்க், மேலே வால்வுகளைத் திறக்கும் இரட்டை கேம். அந்த எஞ்சினின் ஒவ்வொரு உறுப்பும் 8500-ஐ நினைத்தே பிறந்தது. உங்களுடையது குடும்பக் காருக்காகப் பிறந்து விளையாட்டுக் காருக்கு வாழ்க்கைப்பட்டது.

அந்த 2500 கிலோ இழுப்பை யார் தாங்குகிறார்கள்? ராடின் அடிப்பகுதியான பிக் எண்டைக் கட்டிப் பிடித்திருக்கும் இரண்டே இரண்டு போல்ட். அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் வாயுவின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி ராடுக்குக் கொஞ்சம் உதவுகிறது. புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் அந்த உதவியும் இல்லை. முழு இழுப்பும் போல்டின் மேல்தான். எரிவாயு வெடித்து ராடை உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உயர் சுற்றில் ராடைக் கொல்வது பெரும்பாலும் வெற்று இழுப்பு.

ஒருமுறை ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று என்னிடம் வந்தது, பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டையோடு. கூடவே ஒரு தாள்: எல்லா பிஸ்டனும் ராடும் ஒரு கிராமுக்குள் பேலன்ஸ் செய்யப்பட்டதாக அழகாக அச்சடித்திருந்தது. அந்தத் தாள் சொன்னது பொய்யல்ல, மீதி இருந்த ஐந்து ராடுகளை நானே எடை போட்டுப் பார்த்தேன். எண்ணெய்ச் சட்டியின் அடியில் துழாவியபோது ஒரு போல்டின் பாதி கிடைத்தது. உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், குளம் வற்றும்போது கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படியும் நீர்க்கோடுகள் போல மெல்லிய வரிகள் ஒரு விளிம்பில் தொடங்கி முக்கால் பங்கு தூரம் வரை போயிருந்தன. மீதிக் கால் பங்கு சொரசொரவென்று பிய்ந்திருந்தது. அந்தப் போல்ட் ஒரே நாளில் உடையவில்லை. உலோகம் களைத்துக் களைத்து, மயிரிழை விரிசலாகத் தொடங்கி, ஒவ்வொரு உயர் சுற்றிலும் இன்னும் ஒரு கோடு முன்னேறி, கடைசியில் தாங்க முடியாமல் விட்டிருக்கிறது. முந்தைய பட்டறை எல்லாவற்றையும் எடை போட்டது, பழைய போல்டுகளையே திரும்ப மாட்டியது.

ஆகவே முதல் செலவு அங்கே. புதிய, தரமான பிக் எண்ட் போல்ட். போல்ட் மாற்றினால் பிக் எண்டின் வட்டம் சற்று மாறும் என்பதால் துளையை மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் உட்புறத்தைத் தேய்த்து (ஹோன் செய்து) சரியாக்க வேண்டும். இறுக்கும்போது முறுக்குவிசையை மட்டும் நம்பாமல் போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மைக்ரோமீட்டரில் பாருங்கள். உரிய இறுக்கத்தில் இருக்கும் போல்ட் இழுப்பின் ஏற்ற இறக்கத்தை அதிகம் உணராது. தளர்வாக இருப்பதுதான் களைக்கும்.

அடுத்தது எடை. பிஸ்டனிலும் பின்னிலும் 100 கிராம் குறைத்தால் 7500-இல் சுமார் 355 கிலோ இழுப்பு குறைகிறது. எந்த பேலன்ஸ் இயந்திரமும் இவ்வளவு தராது. இலகுவான ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

இனி பேலன்ஸுக்கு வருவோம், ஏனென்றால் அதையும் பலர் பாதிதான் செய்கிறார்கள். நான்கு ராடுகளையும் தராசில் வைத்து, கனமானதைச் சுரண்டி ஒரே எடைக்குக் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. ராடின் கீழ்ப்பாதி கிராங்கோடு சுற்றுகிறது, மேல்பாதி பிஸ்டனோடு ஏறி இறங்குகிறது. 600 கிராம் ராட் இரண்டில், ஒன்றுக்கு மேலே 180 கீழே 420, மற்றதற்கு மேலே 190 கீழே 410 என்றிருந்தால் தராசுக்கு இரண்டும் ஒன்று, எஞ்சினுக்கு வேறு வேறு. ராடைக் கிடைமட்டமாக வைத்து, பிக் எண்டை உராய்வில்லாத ஒரு அச்சில் மாட்டி, மேல்முனையான ஸ்மால் எண்டைத் தராசின் மேல் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். பிறகு மொத்த எடையிலிருந்து கழித்தால் மற்ற முனை கிடைத்துவிடும். நான் ஒவ்வொரு ராடையும் மூன்று முறை தூக்கி வைப்பேன். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டினால்தான் எழுதுவேன். காற்றாடியை அணைத்துவிடுங்கள், அதன் காற்றே தராசில் அரை கிராம் ஆடும்.

எடையைக் குறைக்க உலோகம் எடுப்பது பிக் எண்ட் மூடியின் அடியிலும் ஸ்மால் எண்டின் தலையிலும் இதற்காகவே விட்டிருக்கும் தடிப்பிலிருந்து மட்டும். ராடின் நடுத்தண்டை அரைக்காதீர்கள். எங்கேயாவது மெருகேற்ற நேர்ந்தாலும் கோடுகள் ராடின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே விழும் ஒரு கீறல் போதும், விரிசலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது போலாகிவிடும்.

கிராங்கை இயந்திரத்தில் ஏற்றும் முன் இரண்டு வேலை. முதலில் அது வளைந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து, விரிசல் சோதனையும் முடித்துவிடுங்கள். இரண்டாவது, எண்ணெய்த் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி உள்ளே கெட்டிப்பட்ட கசடைச் சுத்தம் செய்து புதிய அடைப்பான் போட்ட பிறகே பேலன்ஸ். அடைப்பானுக்கும் எடை உண்டு, கசடுக்கும் உண்டு. முதலில் கிராங்க் தனியாக. பிறகு முன் புல்லியை மாட்டிச் சரிசெய்வது, பிறகு கிராங்கின் முனையில் மாட்டும் கனத்த சக்கரமான ஃபிளைவீல், கடைசியாக கிளட்ச் மூடி. ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருந்தது என்று குறி போட்டுவிடுங்கள். கிளட்ச் மூடியை ஒரு துளை தள்ளி மாட்டினால் பட்ட பாடெல்லாம் போச்சு. உங்களுடையது நேர்வரிசை நான்கு சிலிண்டர் என்பதால் ராடுகள் பிடிக்கும் கிராங்க் கழுத்துகளில் மாட்டும் போலி எடைகள் தேவையில்லை. வி6, வி8 கிராங்குகளுக்குத்தான் அவை வேண்டும். சதவீதக் கணக்கு அந்தப் போலி எடைகளுக்கு உரியது; ‘எத்தனை சதவீதம் பேலன்ஸ் செய்யட்டும்?’ என்று உங்களிடம் யாராவது கேட்டால், உங்கள் எஞ்சின் எத்தகையது என்றே அவருக்குத் தெரியவில்லை என்று பொருள்.

இவ்வளவு செய்தும் நான்கு சிலிண்டர் எஞ்சின் நடுங்கும். மேல்பாதியில் பிஸ்டன் ஓடும் வேகமும் கீழ்ப்பாதியில் ஓடும் வேகமும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு நான்கு பிஸ்டன்களிலும் ஒரே பக்கம் கூடிக்கொண்டு, கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எஞ்சினை மேலும் கீழும் உலுக்கும். உங்கள் எஞ்சினில் 6000 சுற்றில் இது சுமார் 1350 கிலோ. பேலன்ஸ் இயந்திரத்தால் இதைத் தொடவே முடியாது. பொறியாளர் லான்செஸ்டர் யோசித்த வழியில் இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு தண்டுகள் வைத்தால்தான் போகும். 1970-களில் மிட்சுபிஷி அதை மறுபடி கையில் எடுத்தது. போர்ஷே 944-இன் பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அந்த உரிமத்தைத்தான் வாங்கினார்கள். நேர்வரிசை ஆறுக்கும் வி12-க்கும் இந்தத் தொல்லை பிறவியிலேயே இல்லை.

கிராங்க் வளைவதும் பேலன்ஸ் இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது கழுத்துகள் இரண்டும் ஒரே திசையில் நிற்கின்றன, இரண்டுக்கும் நடுவில் மைய பேரிங். இரண்டின் இழுப்பும் அங்கே கூடுகிறது. முனைகளில் உள்ள ஒன்றும் நான்கும் எதிர்த்திசையில் இழுத்து மொத்தக் கணக்கைச் சமன் செய்துவிடும், ஆனால் கிராங்க் நடுவில் வில்லாக வளையும். தொடக்க கால எம்ஜிபிகளில் மூன்று பேரிங்தான். 1964-இன் பிற்பகுதியில் ஐந்தாக்கினார்கள். உங்களுடையது 1967 என்பதால் தப்பித்தீர்கள். மூன்று பேரிங் எஞ்சினாக இருந்திருந்தால் இந்தப் பதிலை இரண்டாவது பத்தியிலேயே முடித்திருப்பேன்.

கிராங்க் வளைவது மட்டுமல்ல, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டும் அதிரும். நீளமான ஆறு சிலிண்டர் கிராங்கில் இது மிக மோசம். முன் புல்லியில் ரப்பர் வைத்த அதிர்வுத் தணிப்பான் இருந்தால் அது இருக்கும் காரணம் இதுதான். எடை குறையும், பளபளக்கும் என்று அதை எறிந்துவிட்டு வெறும் அலுமினியப் புல்லி மாட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் புதுப்பியுங்கள்.

ஃபிளைவீலை இலகுவாக்குவது பற்றி: எஞ்சின் விரைவாகச் சுற்றேறும், உச்சச் சுற்று ஒன்றுகூட உயராது. பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கடைசலில் கொடுத்து இளைக்க வைக்காதீர்கள். அது வெடித்தால் சில்லுகள் ஓட்டுநரின் கால் பக்கம்தான் வரும். எஃகில் செய்ததை வாங்குங்கள்.

வால்வுகளுக்கு வருவோம். கீழ்ப்பகுதி 7500 தாங்கும்படி கட்டினாலும் மேலே வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங் மட்டுமே. உங்கள் எஞ்சினில் கேமின் அசைவைக் கொண்டுபோகும் டப்பெட், புஷ்ராட், ராக்கர், வால்வு என்று ஒரு நீண்ட ஊர்வலத்தை அந்த ஸ்பிரிங் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு கட்டத்தில் அது தோற்கும்; வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கத் தொடங்கும். 1954-இல் மெர்சிடிஸ் தன் டபிள்யூ196 பந்தயக் காரில் ஸ்பிரிங்கையே நீக்கிவிட்டு, மூடவும் ஒரு கேம் வைத்ததற்குக் காரணம் இந்தத் தலைவலிதான். நம்மால் முடிந்தது, இரட்டை ஸ்பிரிங், இலகுவான டப்பெட். வால்வு பக்கம் குறைக்கும் 10 கிராம், ராக்கர் விகிதம் 1.4 என்றால், டப்பெட் பக்கம் குறைக்கும் 20 கிராமுக்குச் சமம் என்பதால் ஸ்பிரிங் மூடியிலும் வால்வுத் தண்டிலும் முதலில் கை வையுங்கள். தேவைக்கு மேல் கடினமான ஸ்பிரிங் போட்டால் கேமும் டப்பெட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பிரிங் முழுதாக அழுந்தும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வால்விலும் அளந்து பாருங்கள்.

எல்லாம் தாங்கினாலும் 7500-இல் என்ன கிடைக்கும்? உங்கள் எஞ்சின் தொழிற்சாலைக் கணக்குப்படி 5400 சுற்றில் 95 குதிரைத்திறன் தருகிறது. அந்தச் சுற்றில் முறுக்குவிசை சுமார் 125 நியூட்டன் மீட்டர். 7500-இலும் அதே 95 கிடைக்க 90 நியூட்டன் மீட்டராவது மிஞ்சியிருக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கு இரண்டே உள்ளிழுப்பு வழிகள், இரண்டிரண்டு சிலிண்டர் ஒரே வாசலில் மூச்சு விடும் ஹெட் அது. மாற்றாத ஹெட், மாற்றாத கேமோடு அவ்வளவு காற்று உள்ளே போகாது. அப்போது சத்தம் கூடும், கார் மெதுவாகும். கியரை முன்பே மாற்றியிருந்தால் வேகமாகப் போயிருப்பீர்கள்.

பற்றவைப்பையும் பார்த்துவிடுங்கள். 7500-இல் நான்கு சிலிண்டருக்கு விநாடிக்கு 250 பொறி வேண்டும். பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பழைய பாயிண்ட் அதற்கு முன்பே துள்ளத் தொடங்கிவிடும். எண்ணெய்ச் சட்டியில் தடுப்புத் தகடு இல்லையென்றால் நீண்ட வளைவில் பம்பு காற்றைக் குடிக்கும். அரை விநாடி போதும், பேரிங் போய்விடும்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்: விரிசல் சோதித்த ஐந்து பேரிங் கிராங்க், இலகுவான பிஸ்டன், புதிய போல்ட், இரட்டை ஸ்பிரிங், நல்ல தணிப்பான், வழிகள் சீரமைத்த ஹெட், கொஞ்சம் துணிச்சலான கேம், மேலே சொன்னபடி முழு பேலன்ஸ். உச்சவரம்பு 6500. அப்போது பிஸ்டன் வேகம் 19.3. அந்த வரம்பை உங்கள் பாதத்தின் நிதானத்தை நம்பி விடாதீர்கள். லோட்டஸ் எலானில் 6500 வந்ததும் பொறியைத் துண்டிக்கும் ரோட்டரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இன்று மின்னணுக் கருவி அதைவிடத் துல்லியமாகச் செய்யும். அதை மாட்டிவிட்டுத்தான் முதல் தடவை எஞ்சினைக் கிளப்புங்கள்.

கழற்றிய பழைய பிக் எண்ட் போல்டுகளை உதிரிபாகப் பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டாம். அன்றைக்கே எடைக்குப் போட்டுவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பெட்டியில் கிடந்தால் யாராவது ஒருநாள் எடுத்து மாட்டிவிடுவார்கள்.